எம்எக்ஸ்-5 என்சி: சொகுசுக்குக் காய்லோவரா, வெறும் ஷாக்கா?

சாட்ஸ்வொர்த்_என்சி:
மாஸ்டா எம்எக்ஸ்-5 என்சி (இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் காரின் மூன்றாம் தலைமுறை), 17 அங்குல வீல், எல்லாம் கம்பெனி சஸ்பென்ஷன். டர்பன் ஹிக்கின்சன் நெடுஞ்சாலையில் ஒட்டுப்போட்ட இடமெல்லாம் முதுகெலும்பில் தெரிகிறது. வேகத்தடையில் பின்பக்கம் 'டங்' என்று இடிக்கிறது. டிராக் பக்கம் போகப்போவதில்லை, சொகுசுதான் வேண்டும். காய்லோவர் (ஸ்பிரிங்கும் ஷாக்கும் சேர்ந்த, உயரம் மாற்றக்கூடிய செட்) போடலாமா, ஷாக்கை மட்டும் மாற்றலாமா?

மூன்றாம்_கியர்:
வேண்டாம் தம்பி. பில்ஸ்டைன் பி6 ஷாக், அதே ஒரிஜினல் ஸ்பிரிங், புது பம்ப் ஸ்டாப் (ஷாக் அமுங்கி முடியும் இடத்தில் மோதலைத் தாங்கும் தடுப்பு), புது மேல் மவுண்ட். அவ்வளவு போதும். காய்லோவர் வாங்குகிற பெரும்பாலோர் முதல் வேலையாக வண்டியை 30 மி.மீ. இறக்குவார்கள். சக்கரம் மேலே ஏற இருந்த இடத்தில் 30 மி.மீ. அங்கேயே போய்விடும். அப்புறம் சின்னக் குழிக்கே பம்ப் ஸ்டாப்பில் மோதும். அந்த இடி ஸ்பிரிங்கால் வருவதில்லை.

உம்லாசி_டாம்பர்:
அண்ணா, காய்லோவர் என்றாலே கடினம் என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பி6-உம் ஒரிஜினலைவிட இறுக்கம்தான். ஓலின்ஸ் ரோடு அண்டு டிராக் என்ற காய்லோவரில் இரட்டை வால்வு இருக்கிறது. சக்கரம் குழியில் சட்டென்று விழும்போது அது திறந்து எண்ணெயை விடும், ரோடு சீராக இருந்தால் மூடியிருக்கும். உயரத்தை ஷாக்கின் அடிப்பாகத்தைச் சுழற்றி மாற்றுவதால் ஷாக்கின் பயணமும் குறையாது.

மூன்றாம்_கியர்:
ஷாக்கின் பயணம் குறையாது, சரி. டயருக்கும் ஃபெண்டருக்கும் நடுவே உள்ள இடம் குறையுமே! கூடவே வரும் ஸ்பிரிங்கையும் பார்க்க வேண்டும். என்சியின் வீல்பேஸ் (முன், பின் அச்சுகளுக்கு இடையே உள்ள தூரம்) 2330 மி.மீ. மட்டுமே. முன்பக்கம் பின்பக்கத்தைவிட வேகமாகக் குதித்தால் ஒவ்வொரு மேட்டிலும் மூக்கு ஆடும். பின்பக்கம் சற்று வேகமாக இருந்தால்தான் வண்டி மட்டமாக அடங்கும்.

உம்லாசி_டாம்பர்:
அது நியாயம். அதனால்தான் வாங்குமுன் முன், பின் ஸ்பிரிங் ரேட்டை (விலையல்ல, ஸ்பிரிங்கின் கடினத்தை) எழுத்தில் கேட்டு வாங்கச் சொல்கிறேன். ரேட்டைச் சொல்லாத கடையில் வாங்கவே கூடாது. போட்ட பிறகு ரீபவுண்டை (அமுங்கிய ஷாக் திரும்ப விரியும்போது தரும் தடையை) மென்மையான முனையிலிருந்து தொடங்கி இரண்டிரண்டு கிளிக்காகக் கூட்டுங்கள். ரீபவுண்ட் அதிகமானால் அடுத்தடுத்த குழிகளில் ஸ்பிரிங் விரிய நேரம் கிடைக்காது, வண்டி கீழேயே அமுங்கி நிற்கும். பலர் அதை 'ஸ்பிரிங் கடினம்' என்று தப்பாக எடுத்துக்கொள்கிறார்கள்.

டயர்_பித்தன்:
இரண்டு பேரும் டயரை மறந்துவிட்டீர்கள். 205/45ஆர்17-ஐ விட்டு 205/50ஆர்16 போட்டால் பக்கச்சுவர் 10 மி.மீ. கூடும். மொத்த விட்டம் 5 மி.மீ.தான் குறையும், அதனால் ஸ்பீடோமீட்டர் கெடாது. இரண்டுமே என்சிக்குக் கம்பெனி அளவுகள். கூர்மையான அதிர்வை முதலில் வாங்குவது டயர்தான்.

மூன்றாம்_கியர்:
உண்மை. ஆனால் 'டங்' சத்தம் டயரால் போகாது. தம்பி, செலவுக்கு முன் இதைச் செய்: ஷாக் தண்டின் ரப்பர் உறையைத் தூக்கி, தண்டில் ஒரு கேபிள் டை கட்டி, ஷாக் உடலோடு ஒட்டத் தள்ளிவிடு. வழக்கமான வேகத்தடையில் ஏறி இறங்கிப் பார். டை பம்ப் ஸ்டாப் வரை போய் நின்றால் பயணம் தீர்கிறது என்று அர்த்தம். பம்ப் ஸ்டாப்பை வெட்டாதே, உலோகத்தில் உலோகம் மோதும். தண்டில் எண்ணெய் கசிந்திருந்தால் ஷாக்கின் கதை முடிந்தது.

உம்லாசி_டாம்பர்:
இதில் சண்டையில்லை. எதைப் போட்டாலும் சஸ்பென்ஷன் ஆர்ம் (சக்கரத்தைப் பாடியோடு இணைக்கும் கை) போல்ட்டுகளை வண்டி சக்கரத்தில் நிற்கும் உயரத்தில்தான் கடைசியாக முறுக்க வேண்டும். ஜாக்கில் தொங்கும்போதே முறுக்கினால் ரப்பர் புஷ் முறுக்கிக்கொண்டே நிற்கும், சீக்கிரம் கிழியும். பிறகு அலைன்மென்ட். காய்லோவர் என்றால், டர்பன் உப்புக் காற்றில் உயரம் மாற்றும் மரை இறுகிவிடும். கழுவி, கிரீஸ் தடவி வையுங்கள்.

சாட்ஸ்வொர்த்_என்சி:
நன்றி அண்ணன்மாரே. சனிக்கிழமை கேபிள் டை கட்டிப் பார்த்துவிட்டு, தண்டின் படத்தோடு இங்கேயே போடுகிறேன்.