பாட்டி சொன்னால் நரியே வராது: கதையில் பார்வைக் கோணம் கற்பித்த அனுபவங்கள்

(முதல் பதிவு, ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு)

பார்வைக் கோணத்தை, அதாவது கதையை யார், எங்கே நின்று பார்த்துச் சொல்கிறார் என்பதைக் கற்பிக்கத் தொடங்க, பிள்ளைகளுக்கு ஏற்கெனவே தெரிந்த கதைதான் சரி. புதுக் கதை என்றால் அடுத்து என்ன ஆகும் என்பதிலேயே மனம் நிற்கும். யார் சொல்கிறார் என்பது காதில் ஏறாது. பாட்டி வடை சுட்ட கதை போதும். மூன்றே பாத்திரம், ஒரே இடம்.

வகுப்பறையில் மூன்று இடம் குறியுங்கள். கரும்பலகை ஓரம் பாட்டியின் அடுப்பு, நடுவில் ஒரு பெஞ்சு காகத்தின் மரம், கதவருகே நரி. அடுப்புக்கும் மரத்துக்கும் நடுவே ஒரு பழைய சேலையைக் கட்டுங்கள். பெஞ்சின் மேல் நிற்கும் பிள்ளைக்கு இரண்டு பக்கமும் தெரியும். கீழே நிற்பவர்களுக்கு மறுபக்கம் மறையும். இந்தச் சேலையை விட்டுவிட்டால் பாடம் பாதி போய்விடும்.

சார்ட் தாளைச் சுருட்டிக் குழலாக்கிக் கொடுத்து, அதன் வழியே தெரிவதை மட்டும் சொல்லச் சொல்லுங்கள். பிறகு அந்த இடத்திலிருந்தே கதையைத் தொடங்கட்டும். பாட்டியாக நிற்கும் பிள்ளை, "வடை சுட்டேன், காக்கா தூக்கிட்டுப் போச்சு" என்றதும் கதை முடிந்துவிடும். மற்ற பிள்ளைகள் "நரி எங்கே?" என்று கத்துவார்கள். விடை சொல்லிவிடாதீர்கள். பாட்டிக்கு நரியைத் தெரியாது என்பதை அவர்களே சேலையைக் காட்டிச் சொல்வார்கள். நரியின் கதையோ வடை வாசனையில்தான் தொடங்கும். சுட்டது யார் என்று அதற்குத் தெரியாது. முழுக் கதையையும் கண்டது காகம் மட்டுமே.

ஒரு சுற்றுக்கு 20 நிமிடம் போதும். ஒரு நாளில் இரண்டு பாத்திரத்துக்கு மேல் போனால் குழப்பம்தான்.

(பதில், மழலையர் வகுப்பு)

மூன்று வயதுப் பிள்ளைகளுக்கு மேலே சொன்னது எடுபடாது. அது அவர்கள் குறையல்ல. விம்மர், பெர்னர் என்ற இரு உளவியலாளர்கள் 1983-ல் வெளியிட்ட சோதனை இதற்குப் பயன்படும். ஒரு பையன் சாக்லேட்டை ஓர் அலமாரியில் வைத்துவிட்டு வெளியே போகிறான். அவன் இல்லாதபோது அம்மா அதை வேறு அலமாரிக்கு மாற்றிவிடுகிறார். திரும்பி வந்தவன் எங்கே தேடுவான்? மிகச் சிறு பிள்ளைகள் புது இடத்தைக் காட்டுவார்கள், ஏனென்றால் தமக்குத் தெரிந்தது அவனுக்கும் தெரியும் என்று எண்ணுகிறார்கள். நான்கு, ஐந்து வயதில்தான் இது பிடிபடத் தொடங்கும்.

இரண்டு சம்படம், ஒரு கடலைமிட்டாய், இரண்டு பொம்மை வைத்து இதை வகுப்பில் செய்யலாம். பழைய சம்படத்தைக் காட்டும் பிள்ளை அடுத்த படிக்குத் தயார். புதுச் சம்படத்தைக் காட்டினால் திருத்த வேண்டாம். சில வாரம் கழித்து மறுபடி பாருங்கள்.

(பதில், தமிழ் ஆசிரியர்)

தமிழில் இந்தப் பாடத்துக்கு ஒரு வசதி உண்டு: கோணம் வினைச்சொல்லிலேயே இருக்கிறது. "தூக்கியது" என்பது "தூக்கினேன்" ஆனால் சொல்பவர் மாறிவிட்டார். அதைவிட நுட்பமானது போவதும் வருவதும். வடை ஒன்றுதான், பாட்டி "தூக்கிட்டுப் போச்சு" என்பார், மரத்தடி நரி "தூக்கிட்டு வந்துச்சு" என்னும். வருதலும் தருதலும் தன்மைக்கும் முன்னிலைக்கும், செல்லுதலும் கொடுத்தலும் படர்க்கைக்கும் என்று தொல்காப்பியம் வகுத்ததும் இந்த இடவேறுபாட்டைத்தான். இலக்கணப் பெயர்களைப் பிள்ளைகளிடம் சொல்ல வேண்டியதில்லை. "போச்சா, வந்துச்சா? நீ எங்க நிக்கிற?" என்று கேட்டால் போதும்.

அடிக்கடி நேர்வது: "நான் மரத்துல உக்காந்தேன், நரி வந்துச்சு, அப்புறம் காக்கா பாடுச்சு." இரண்டு வாக்கியம் காகமாகவே சொல்லிவிட்டு, மூன்றாவதில் தன்னையே "காக்கா" என்று படர்க்கைக்குச் சறுக்கிவிடும். கேட்டுப் பழகிய வாக்கியம் முந்திக்கொள்கிறது. பேசும்போது நெஞ்சில் கை வைத்துக்கொள்ளச் சொன்னால் சறுக்கல் குறையும். முகமூடி இதற்கு உதவாது. முகமூடி போட்டதும் குரலை மாற்றிக் கரைவதில்தான் கவனம் போகும்.

(பதில், வீட்டில் கதை சொல்லும் பெற்றோர்)

தூங்கும் முன் ஒரு கதைக்கு ஒரே ஒரு கேள்வி: "இது அவனுக்குத் தெரியுமா, நமக்கு மட்டும் தெரியுமா?" படப் புத்தகத்தில் பாத்திரத்தின் முதுகுக்குப் பின்னால் ஏதாவது வரையப்பட்ட பக்கம்தான் இதற்கு ஏற்றது. இரண்டாவது கேள்வி கேட்டால் கதை பரீட்சை ஆகிவிடும்.

(பதில், நான்கு, ஐந்தாம் வகுப்பு)

எழுதும் கட்டத்தில் பெரிய சிக்கல் "தந்திரக்கார நரி" என்ற சொல்தான். காகம் சொல்லும் கதையில், "ஒரு தந்திரக்கார நரி வந்தது. அது என்னைப் பாடச் சொன்னது, பாடினேன்" என்று எழுதுவார்கள். தந்திரக்காரன் என்று முன்பே தெரிந்தால் காகம் ஏன் பாடியது? இந்தக் கேள்வியைப் பிள்ளையிடமே கேட்டு, அந்தச் சொல் எந்த வரியில் வரலாம் என்று தேடச் சொல்லுங்கள். வடை விழுந்த பிறகுதான் அதற்கு இடம்.

தாளை மூன்று பத்தியாகப் பிரித்துக் கண்டது, கேட்டது, தெரியாதது என்று தலைப்பிட்டு நிரப்பிய பிறகே எழுத விடுங்கள். ஐந்து, ஆறு வாக்கியம் போதும். "தெரியாதது" காலியாக இருந்தால் எழுதத் தொடங்க வேண்டாம்.

இன்னொன்று: நரி நல்லதா கெட்டதா என்று விவாதம் கிளம்பும். நரியின் பக்கம் நின்று சொல்வது வேறு, அதன் செயலை நியாயப்படுத்துவது வேறு. "பசிச்சுது, அதான் கேட்டேன்" என்று நரி சொல்லட்டும். தீர்ப்பு அடுத்த நாளைக்கு.

இது பிடிபட்டபின் எறும்புக் கதைக்குப் போகலாம். யானையிடம் எறும்பு "நாங்கள் அரிசி தூக்கினோம்" என்னும். இன்னொரு எறும்பிடம் "நாம் தூக்கினோம்" என்னும். யாரிடம் சொல்கிறோம் என்பதும் கோணத்தில் சேரும்.

(பதில், முதல் பதிவர்)

அந்த மூன்று பத்தித் தாளை மூன்றாம் வகுப்புக்கும் கொண்டுவரலாம், எழுத்துக்குப் பதில் படம் வரைய விட்டு. சேலை அடர்நிறமாக இருக்கட்டும். வெளிர்நிறம் என்றால் ஜன்னல் வெளிச்சத்தில் மறுபக்கம் நிழலாகத் தெரிந்துவிடும்.