உலக ஜெப நாள்: கர்த்தருடைய ஜெபத்தை எந்தச் சொற்களில் சேர்ந்து சொல்வது?

குன்னூர் சகோதரி:
அன்புச் சகோதரிகளுக்குத் தோத்திரம். 2026 மார்ச் 6, முதல் வெள்ளிக்கிழமை, பல சபைப் பெண்கள் சேர்ந்து ஜெபிக்கும் உலக ஜெப நாள் ஆராதனையை நடத்தும் பொறுப்பு எங்கள் தென்னிந்தியத் திருச்சபைப் பெண்களுக்கு வந்திருக்கிறது. கத்தோலிக்கப் பங்கிலிருந்தும் இரட்சணிய சேனையிலிருந்தும் சகோதரிகள் வருவார்கள். ஆண்டுக்கு ஒரு நாட்டுப் பெண்கள் எழுதும் ஆராதனை முறையை இம்முறை நைஜீரியப் பெண்கள் எழுதியிருப்பதால் நாங்கள் தீர்மானிக்க வேண்டியது அதிகமில்லை. ஆனால் இயேசு கற்றுக்கொடுத்த கர்த்தருடைய ஜெபத்தை நாங்கள் ‘பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே’ என்றும், கத்தோலிக்கச் சகோதரிகள் ‘விண்ணுலகில் இருக்கிற எங்கள் தந்தையே’ என்றும் தொடங்கும்போது, இரண்டு வரிக்குள் குரல்கள் சிதறிவிடுகின்றன. முடிவில் ‘ராஜ்யமும் வல்லமையும் மகிமையும்’ என்று நாங்கள் தொடர, அவர்கள் ஆமென் சொல்லி முடித்துவிடுகிறார்கள். சென்ற முறை விருந்தினராக வந்தவர்கள் பாதியில் மௌனமாகிவிட்டதைப் பார்த்த எனக்கு இன்னும் மனம் ஆறவில்லை. உங்கள் ஊரில் என்ன செய்கிறீர்கள்?

உதகை, கத்தோலிக்கப் பங்கு:
அக்கா, நாங்கள் மௌனமாவது மனவருத்தத்தால் அன்று. அந்தச் சொற்கள் எங்கள் நாவுக்குப் பழகவில்லை, அவ்வளவுதான். இரு தரப்பினரும் சேர்ந்து மொழிபெயர்த்த திருவிவிலியம் 1995இல் வெளிவந்தபோதிலும், சிறுவயதில் அம்மா சொல்லிக்கொடுத்த செபத்தை ஒரு புத்தகம் மாற்றிவிடாது. ஆகவே ஒரே வடிவத்தை எல்லார்மீதும் சுமத்த வேண்டாம். இன்னொன்று: அந்த நாள் ஈஸ்டருக்கு முந்தைய தவக்கால வெள்ளி என்பதால் எங்கள் ஆலயங்களில் இயேசுவின் பாடுகளை நினைவுகூரும் சிலுவைப் பாதை செபம் இருக்கும், முதல் வெள்ளி என்பதால் திரு இருதயப் பூசையும் பல பங்குகளில் உண்டு. எங்கள் பங்குத்தந்தையிடம் இப்போதே நேரத்தைப் பேசி முடிவு செய்யுங்கள். சென்ற முறை பலர் வராததற்கு அதுவும் காரணமாக இருக்கலாம்.

கோத்தகிரி தோட்டத்திலிருந்து:
நேரம் பற்றி நானும் ஒன்று சொல்ல வேண்டும். வெள்ளிக்கிழமை வேலை நாள். மாலையில் பறித்த தேயிலையை எடைபோட்டுக் கொடுத்துவிட்டுத்தான் எங்கள் பெண்கள் வர முடியும், பிறகு கடைசிப் பேருந்தையும் பிடிக்க வேண்டும். பகல் பதினொரு மணிக்கு ஆராதனை வைத்தால், கூலி வேலைக்குப் போகாதவர்கள் மட்டுமே அதில் இருப்பார்கள். இந்த ஆண்டின் வசனமோ மத்தேயு 11:28. எங்கள் வேதத்தில் ‘வருத்தப்பட்டுப் பாரஞ்சுமக்கிறவர்களே’. கத்தோலிக்கர் வாசிப்பதில் ‘பெருஞ்சுமை சுமந்து சோர்ந்திருப்பவர்களே’. இரண்டிலும் ‘இளைப்பாறுதல் தருவேன்’ என்ற சொற்கள் அப்படியே நிற்கின்றன. இந்த வசனத்தை, முதுகில் இலைப்பையைச் சுமக்கும் ஒரு பெண் வாசிக்கட்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

குன்னூர் சகோதரி:
இருவருக்கும் நன்றி. இரண்டு வடிவங்களையும் ஒரே தாளில் பெரிய எழுத்தில் அச்சிட்டு, முதலில் விருந்தினருடைய ஜெபத்தை எல்லாரும் சேர்ந்து வாசிப்பது, பிறகு எங்களுடையதை அவர்களும் சேர்ந்து சொல்வது என்று முடிவு செய்திருக்கிறோம். நேரம் கூடும் என்று ஒரு மூத்த சகோதரி தயங்கினார். அதற்காக அறிவிப்புகளைக் குறைத்துக்கொள்வோம். ஆராதனை மாலை ஐந்தரைக்கு. சிலுவைப் பாதையை அன்று நாலரைக்கு வைக்க இயலுமா என்று பங்குத்தந்தையிடம் கேட்க, நாளை இரண்டு பேர் போகிறோம். வாசிப்பதற்குக் கோத்தகிரியிலிருந்தே ஒருவரை அனுப்புங்கள், அக்கா. அவர் வீடு திரும்ப வண்டிக்கு நாங்கள் ஏற்பாடு செய்கிறோம்.