பிள்ளைகள் காலத்துக்கும் உழைக்கும் கவாத்துக் கருவிகள் எங்கே கிடைக்கும்?

வணக்கம். ஏற்காட்டில் எங்கள் சிறிய காப்பித் தோட்டத்தில் அறுவடை முடிந்ததும் கவாத்து, அதாவது செடிகளின் வேண்டாத கிளைகளை வெட்டிவிடும் வேலை, தொடங்க வேண்டும். ஆண்டுதோறும் புதுக் கருவி வாங்கிச் சலித்துவிட்டது. இனி வாங்குவது பிள்ளைகள் காலத்துக்கும் உழைக்க வேண்டும்.

கத்தரியில் நான் பார்ப்பது ஒன்றுதான்: அலகு, சுருள்வில், திருகு எல்லாவற்றையும் தனித்தனியாகக் கழற்றி மாற்ற முடிய வேண்டும். சுவிட்சர்லாந்தின் ஃபெல்கோ நிறுவனக் கத்தரிகளில் அந்த வசதி உண்டு. உதிரி பாகங்கள் சேலத்தில் கிடைக்குமா, கோவைக்குத்தான் போக வேண்டுமா?

அரிவாளைப் பட்டறையில் அடிக்கக் கொடுப்பதாக இருக்கிறேன். லாரியின் பழைய வில்பட்டையில் கார்பன் அதிகம். பதமாகக் காய்ச்சித் தோய்த்தால் கூர் நிற்கும், மழுங்கினாலும் சாணைக்கல்லில் எளிதில் தீட்டலாம். மலைப்பனியில் துருப்பிடிக்கும்தான், எண்ணெய்த் துணியால் துடைத்து வைத்தால் தீர்ந்தது. துருவுக்குப் பயந்து எவர்சில்வரில் வாங்கச் சொல்கிறார் மைத்துனர். எவர்சில்வர் தயாரிக்கும் சேலம் உருக்காலைப் பக்கம் குடியிருப்பவர், வேறெப்படிச் சொல்வார்!

செவ்வாய்ப்பேட்டையிலோ, வாழப்பாடி, ஆத்தூர் பக்கமோ தோய்க்கும் பதம் தெரிந்த கொல்லர் யாராவது இருக்கிறாரா? அலகின் வால் பிடியின் மறுமுனை வரை ஓடி, அங்கே மடக்கி அடித்திருக்க வேண்டும். பெயருக்குப் பூண் போட்டுச் செருகியது வேண்டாம். பிடிக்குக் கருவேல மரம் நல்லதா, கனம் கூடிவிடுமா? பட்டறை இருக்கும் தெருவையும் தோராயமான கூலியையும் சொன்னால் போதும்.