அம்பாசடரில் மோட்டார் வைத்த பிறகு கிளட்ச் எதற்கு?

நாலாங்கியர்: போன வாரம் இங்கே ஒருவர், "பழைய அம்பாசடரை மின்வண்டியாக மாற்றுகிறவர்கள் முதலில் கியர்பாக்ஸையும் கிளட்ச்சையும் கழற்றி எடைக்குப் போடுங்கள்" என்று எழுதியிருந்தார். ஸ்டியரிங் தண்டிலேயே கியர்க்கோல் உள்ள வண்டியை ஒரு முறையாவது ஓட்டியவர் இப்படி எழுதமாட்டார். என் 1978 மார்க்-3 அம்பாசடரில் இரண்டாம் கியர் விழும்போது உள்ளங்கையில் ஒரு தட்டு தெரியும். அதை இழந்தபின் மிஞ்சுவது நான்கு சக்கரமும் ஒரு தகரக் கூடும்தான்.

கோவை வயரிங்: அப்படி எழுதியவன் நான்தான். சிக்னலில் வண்டி நின்றாலும் இன்ஜின் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும் என்பதால்தான், அதைச் சக்கரங்களிலிருந்து பிரித்துவைக்கும் கிளட்ச் வந்தது. மோட்டாரோ வண்டியோடு சேர்ந்து நின்றுவிடுகிறது, கிளம்பும்போது முதல் சுற்றிலேயே முழு முறுக்குவிசையையும் தந்துவிடுகிறது. பிறகு கிளட்ச் எதற்கு? இடக்கால் சும்மா இருக்கக் கூடாதென்றா?

நாலாங்கியர்: பொறியாளர் பெருமகனார் கொல்லிமலைக்குப் போனதில்லை போலும். எழுபது கொண்டை ஊசி வளைவுகளிலும் ஐந்து பேரை ஏற்றிக்கொண்டு, கியர் இல்லாமல் நேரடியாக டிஃபரென்ஷியலை (பின்சக்கரங்களுக்குச் சுழற்சியைப் பிரித்துத் தரும் பல்சக்கரத் தொகுதியை) சுழற்ற வேண்டுமானால் மோட்டாரும், அதற்கு மின்சாரத்தை அளந்து விடும் கன்ட்ரோலரும் பெரிதாக வேண்டும், செலவும் ஏறும். கியர்பாக்ஸ் இருந்தால் சிறிய மோட்டாரே இரண்டாம் கியரில் ஏறிவிடும்.

கோவை வயரிங்: நான் கேட்டது கிளட்ச்சைப் பற்றி.

நாலாங்கியர்: எடைக்குப் போடச் சொன்ன பட்டியலில் கியர்பாக்ஸும் இருந்ததே! இப்போது வசதியாக அதை மறைக்கிறீர்கள்.

வெள்ளை மார்க்-4: இருவரும் சற்றுப் பொறுங்கள். மின்மாற்றக் கிட்டுகளுக்கான இந்தியத் தரமான ஏஐஎஸ்-123இன்படி ஒப்புதல் பெற்ற கிட்டைப் பொருத்தி, ஆர்டிஓவில் ஆர்சியில் எரிபொருள் வகையை மாற்றாவிட்டால், கிளட்ச் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வண்டி சாலைக்கு வர முடியாது. மிதிக்கும் விசையை வெற்றிடத்தால் பெருக்கித் தரும் சர்வோ பிரேக் உள்ள வண்டிகளில் வேறொரு சிக்கலும் உண்டு: இன்ஜினிலிருந்து கிடைத்த வெற்றிடம் போய்விடுவதால் தனியாக மின் வாக்குவம் பம்ப் வைத்தாக வேண்டும். அதை மறந்துவிட்டு இறக்கத்தில் மிதித்துப் பார்ப்பவருக்குக் கால் கல்லில் பட்டதுபோல் இருக்கும்.

கோவை வயரிங்: பிரேக்கைப் பற்றி யாரும் கேட்கவில்லை. கியர்பாக்ஸ் இருந்தாலும் மோட்டார்த் தண்டை அதன் உள்தண்டோடு நேரடியாக இணைத்து, மூன்றாம் கியரிலேயே ஊர் முழுக்கச் சுற்றலாம். மாற்றியே தீர வேண்டுமென்றால் சுற்று தணியும்வரை இரண்டு நொடி காத்திருந்து கோலைத் தள்ளினால் விழுகிறது. ஆகவே மறுபடியும் கேட்கிறேன், கிளட்ச் எதற்கு?

நாலாங்கியர்: ஏற்றத்தில் அந்த இரண்டு நொடிக்குள் வண்டி பின்னால் உருளுமே, அப்போது பின்னால் வருகிற பேருந்துக்காரரிடம் உங்கள் தத்துவத்தைச் சொல்வீர்களா? மூன்று ஆண்டுகளுக்கு முன் "புதிது மாதிரி" என்று எனக்கு நீங்கள் விற்ற கார்புரேட்டரில், பெட்ரோல் மட்டத்தைக் காக்கும் மிதவை ஓட்டையாக இருந்ததை நான் இன்னும் மறக்கவில்லை.

கோவை வயரிங்: கார்புரேட்டரே வேண்டாம் என்பதற்குத்தானே மின்வண்டி! மிதவையைச் சாலிடர் செய்யத் தெரியாதவர் கியர் மாற்றும் கலையைப் பற்றிப் பாடம் எடுக்கிறார்.

பழங்கார்ப் பித்தன்: பன்னாட்டுப் பழங்கார்க் கூட்டமைப்பான ஃபிவா, மின்வண்டியாக மாற்றிய பழைய வண்டியைப் பழம்பெரும் வண்டியாக ஏற்பதில்லை என்று 2019இலேயே சொல்லிவிட்டது. பின்னாளில் திருப்பி மாட்டும்படி, கழற்றிய ஒவ்வொரு பாகத்தையும் எண்ணெய் தடவி வைத்திருங்கள். அம்பாசடரைச் செய்த உத்தரபாரா ஆலை 2014இல் நின்றுவிட்டது. இனி ஒன்று வாராது.

நாலாங்கியர்: அவ்வளவையும் எண்ணெய் தடவி வைக்கச் சொல்கிறார், அதில் கிளட்ச்சும் அடக்கம். படித்தீர்களா, கோவையாரே?

கோவை வயரிங்: பரணில் வைக்கத்தான் சொல்கிறார், வண்டியில் அல்ல. மோட்டார் ஓடாமல் நிற்கும்போது எதை எதிலிருந்து பிரிப்பதற்குக் கிளட்ச் என்று ஒரே வரியில் சொல்லுங்கள், கொல்லிமலை வேண்டாம்.

நாலாங்கியர்: கொல்லிமலை இல்லாமல் சொல்ல முடியாது. பன்னிரண்டாவது வளைவில், மழைநாளில், முன்னால் ஒரு கரும்பு லாரி நின்றுவிட்டால்…