மறு: ஃபுட் டெசர்ட், உணவுப் பாலைவனமா உணவுப் பாலையா?

> 'உணவுப் பாலைவனம்'னு ஏற்கனவே எழுதிட்டுதானே இருக்காங்க, நம்ம கலைச்சொல் பட்டியலுக்கு இன்னொரு சொல் எதுக்கு தம்பி?

ஐயா வணக்கம். காய்கறி, பழம் மாதிரி நல்ல சாப்பாடு விக்கிற கடை பக்கத்துல இல்லாத எடத்தைத்தான் ஃபுட் டெசர்ட்ங்குறாங்க. பாலைவனம்னதும் சஹாராதான் ஞாபகம் வருது, யாரும் ஒண்ணும் செய்யாம தானா அப்படிக் கிடக்குற எடம். இது அப்படி இல்லையே. அமெரிக்காவுல டெட்ராய்ட் நகரத்துல ஹேஸ்டிங்ஸ் ஸ்ட்ரீட்னு கறுப்பின மக்களோட கடைத்தெரு இருந்துச்சு, 1950கள் கடைசில ஆரம்பிச்சு அது மேலயே ஃப்ரீவே, அதாவது அதிவேக நெடுஞ்சாலை, போட்டு மொத்தத்தையும் காலி பண்ணிட்டாங்க. நியூயார்க்ல சமூகத் தோட்டங்களுக்காகப் போராடுற கேரன் வாஷிங்டன் இதனாலதான் டெசர்ட்ங்குற பேச்சே வேணாம், ஃபுட் அபார்த்தெய்ட், அதாவது உணவுல இன ஒதுக்கல்னு சொல்லுங்கன்னு கேக்குறாங்க. நமக்கு அவ்ளோ தூரம் போக வேணாம், வனத்த மட்டும் வெட்டிட்டா போதும். சிலப்பதிகாரத்துல முல்லையும் குறிஞ்சியும் இயல்பு கெட்டாதான் பாலை. அதனால என் ஓட்டு 'உணவுப் பாலை'க்கு.

அப்புறம் இந்தச் சொல்லோட வீடியோ கேம் செய்யுற ஆளுங்க நாங்க ஏன் மல்லுக்கட்டுறோம்னு கேட்டிருந்தீங்க. அமெரிக்க விவசாயத் துறை மேப்ல நகரத்துல சூப்பர்மார்க்கெட் 1 மைலுக்குள்ள இருக்கா, கிராமத்துல 10 மைலுக்குள்ள இருக்கான்னு பாக்குறாங்க, அதுவும் நேர்கோட்டுல, காக்கா பறக்குற தூரம். நடுவுல ஃப்ரீவே குறுக்க கெடந்தா பாட்டி என்ன பறந்தா போவாங்க? ஓபன்ஸ்ட்ரீட்மேப்ங்குற இலவச மேப்ல இருந்து ரோடு, கட்டடம் எல்லாம் யூனிட்டி, அன்ரியல் மாதிரி கேம் எஞ்சினுக்குள்ள (கேம் செய்யுற மென்பொருள்) எறக்கி, எங்க கால் வைக்கலாம் எங்க வைக்க முடியாதுன்னு நேவ்மெஷ் போட்டுட்டா, மெதுவா நடக்குற பாட்டி, கைவண்டி தள்ளுற அம்மான்னு வேற வேற வேகத்துல ஏஜென்ட்ட, அதாவது கம்ப்யூட்டருக்குள்ள தானா நடக்குற ஆள, அனுப்பிப் பாக்கலாம். மேப்ல பிரச்சினை இல்லாத மாதிரி இருந்த தெரு அப்பதான் பல்லக் காட்டும். புதுசா ஒரு காய்கறிக் கடையோ ஒரு நடைமேம்பாலமோ வெச்சுப் பாத்து திரும்ப ஓட விடலாம், சிமெண்டு மூட்டை எறக்குறதுக்கு முன்னாடியே.

நேவ்மெஷ்ஷுக்கு 'நடைவலை'ன்னு சொல்லலாமா? ஏஜென்ட்டுக்கு முகவர் மட்டும் வேணாம் ஐயா, எல்.ஐ.சி. பாலிசி எடுக்கச் சொல்லி வந்து நிக்கிற மாதிரி இருக்கு. 'நடமாடி'?

\-\-\-

> முல்லையும் குறிஞ்சியும் இயல்பு கெட்டாதான் பாலை

தம்பி, அங்க கெடுக்கிறது வெயில், ஃப்ரீவே போடுற ஆளு இல்ல. ஆனாலும் 'முன்ன நல்லா இருந்த நிலம்'ங்குற பொருள் நிக்குது, அதனால ஒத்துக்கறேன். நடைவலை ரொம்ப சரி. நடமாடி கொஞ்சம் பேய் மாதிரி இருக்கு, பழகிடும்.

ஃபுட் ஸ்வாம்ப்புக்கு என்ன வெச்சிருக்கீங்க? காய்கறிக் கடையை விட பர்கர், சிப்ஸ், கோலா கடைதான் சுத்தி மொய்க்குதுங்குற எடம். 'உணவுச் சதுப்பு'ன்னு எழுதிப் பாத்தேன்.

\-\-\-

நான் குறுக்க வர்றேன், மன்னிக்கணும். சதுப்புக்கு நான் ஒத்துக்கவே மாட்டேன். சென்னைல பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தக் காப்பாத்துங்கன்னு இத்தன வருஷமா தொண்ட கிழிய கத்திட்டு இருக்கோம், இப்ப சதுப்புன்னா கெட்டதுன்னு கலைச்சொல் அகராதிலயே ஏத்துவீங்களா? இங்கிலீஷ்காரனுக்கு ஸ்வாம்ப்னா அருவருப்பு, அது அவன் பிரச்சினை. 'நொறுக்குக்காடு'ன்னு வைங்க, நொறுக்குத்தீனி அடர்ந்து கிடக்குதுன்னு சின்னப் பிள்ளைக்குக் கூட புரியும்.

\-\-\-

அக்கா, வனத்த வெட்டினேன், நீங்க காட்டக் கொண்டாந்துட்டீங்க 😄 ஆனா நல்லா இருக்கு, எனக்கு ஓகே. இந்த நொறுக்குக்காட்ட அளக்கத்தான் இன்னொரு சொல்லும் வேணும். ஸ்கூல் விட்டு வர்ற பிள்ளையோட கண் உயரத்துல கேமராவ வெச்சு அங்கேருந்து ஒவ்வொரு போர்டு, ஹோர்டிங்குக்கும் ஒரு கோடு எய்து பாப்போம், நடுவுல சுவரோ மரமோ இடிக்கலைன்னா அந்த விளம்பரம் பிள்ளை கண்ணுல படுதுன்னு அர்த்தம். ரேகாஸ்ட்னு சொல்றது இதைத்தான். லண்டன்ல 2019 பிப்ரவரில ரயில், பஸ்ல எல்லாம் ஜங்க் ஃபுட் விளம்பரத்துக்குத் தடை போட்டாங்கல்ல, அந்த மாதிரி எங்க எடுத்தா எவ்வளவு கொறையும்னு முன்கூட்டியே பாக்க இது உதவும். கண்ணுல பட்டா வாங்கிடுவாங்களாங்குறது வேற கேள்வி, அத எஞ்சின் சொல்லாது, அங்க இருக்குற ஆளுங்ககிட்டதான் கேக்கணும்.

ரேகாஸ்ட்டுக்கு 'பார்வைக்கோடு' போட்டிருக்கேன்.

\-\-\-

பார்வைக்கோடு லைன் ஆஃப் சைட்டுக்குப் போயிடுச்சு தம்பி, எய்யுறது உள்ள வரணும். 'கோடெய்தல்'? மத்ததெல்லாம் பட்டியல்ல ஏத்திட்டேன். கேம் எஞ்சின் மட்டும் அப்படியே நிக்கட்டும், விளையாட்டுப் பொறின்னா எலி மாட்டுமான்னு கேப்பாங்க.