மீன்பிடித் தடைக்காலத்தில் மாமனார் வீட்டுக்குக் காரில் செல்லலாமா?

கேள்வி: அம்மாபேட்டைவாசி, சேலம்

வணக்கம். நானும் என் மனைவியும் சேலத்தில் குடியிருக்கிறோம். அவளுடைய பிறந்த வீடு பரங்கிப்பேட்டைக்குப் பக்கத்தில், வெள்ளாறு கடலில் கலக்கும் இடத்தை ஒட்டிய ஒரு மீனவக் குடியிருப்பில் உள்ளது. மாமனார் விசைப்படகில் தொழிலுக்குச் செல்பவர். கடலுக்குப் போனால் நான்கைந்து நாள் கழித்தே கரை திரும்புவார் என்பதால், திருமணமாகி மூன்று ஆண்டுகள் ஆகியும் அவருடன் ஒரு நாள் முழுவதும் அமர்ந்து பேச எனக்கு வாய்க்கவில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்குத் தடை இருப்பதால், மே மாதத்தில் பத்து நாள் விடுப்பெடுத்துப் போய் வரலாம் என்கிறாள் மனைவி.

எனக்குத்தான் தயக்கமாக இருக்கிறது. அரசு தரும் நிவாரணத் தொகையையும் கையிருப்பையும் வைத்து இரண்டு மாதத்தை ஓட்டுகிற வீட்டில், மருமகன் வந்துவிட்டார் என்பதற்காகக் கடன் வாங்கியாவது விருந்து வைப்பார்கள். சென்ற ஆண்டு இதே காலத்தில் இரண்டு நாள் தங்கிவிட்டுத் திரும்பினோம். மாமியாரின் காதில் தோடு இல்லை, துளை தூர்ந்துவிடாமல் இருக்க வேப்பங்குச்சியைச் செருகியிருந்தார் என்பதை வீடு வந்து சேர்ந்த பிறகே மனைவி சொன்னாள். அன்றிலிருந்து அது என் மனத்தை விட்டு அகலவில்லை. அவர்களுக்குப் பாரமாகாமல் போய் வர என்ன செய்யலாம்? எங்கள் கார் ஒன்பது ஆண்டுப் பழையது. எந்த வழியில் செல்வது நல்லது என்பதையும் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில் 1: கடலூர் மகள், ஓமலூர்

நான் அப்படிப்பட்ட வீட்டில் பிறந்து ஓமலூரில் வாழ்க்கைப்பட்டவள். தடைக்காலத்தில்தான் நீங்கள் போக வேண்டும். எனக்குத் திருமணம் நடந்தபோது 45 நாளாக இருந்த தடை 2017-இல் 61 நாளாக நீட்டிக்கப்பட்டது. எங்கள் அப்பா தொடர்ந்து வீட்டில் தங்குவது அந்த நாள்களில் மட்டும்தான். அப்போதும் அவர் சும்மா இருக்க மாட்டார். படகைக் கரையேற்றிப் பாசி சுரண்டுவது, வர்ணம் பூசுவது, எஞ்சினைப் பிரித்துப் பார்ப்பது என்று காலை நேரம் போய்விடும். பிற்பகலில் நிழலில் உட்கார்ந்து, கிழிந்த வலையைக் கால் கட்டைவிரலில் மாட்டி இழுத்துப் பிடித்துக்கொண்டு கண்ணி கண்ணியாகப் பின்னுவார். உங்கள் மாமனாருடன் பேச வேண்டுமானால் அந்த நேரத்தில் பக்கத்தில் அமர்ந்து ஊசியில் நூல் சுற்றிக் கொடுங்கள். எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தால் அவர் மரியாதைக்காக இரண்டு வார்த்தை பேசிவிட்டு எழுந்துவிடுவார்.

பத்து நாள் அதிகம். நான்கு நாள் போதும். வஞ்சிரம், வவ்வால் எதுவும் வாங்க வேண்டாம் என்று உங்கள் மனைவி முன்கூட்டியே அம்மாவிடம் தொலைபேசியில் சொல்லிவிட வேண்டும். இந்தக் காலத்தில் அவை பெரும்பாலும் கேரளத்திலிருந்து ஐஸ் போட்டு வருபவை, விலையும் கூடுதல். நாட்டுப்படகுகளுக்குத் தடை இல்லாததால் நண்டும் இறாலும் கொஞ்சமாவது கரைக்கு வரும். கருவாடு வீட்டிலேயே இருக்கும். அரிசி மூட்டை, பருப்பு, எண்ணெய் ஆகியவற்றைக் காரில் ஏற்றிச் செல்லுங்கள். இறங்கியதும் உங்கள் மனைவியே அவற்றை நேராக அடுப்படிக்குக் கொண்டுபோகட்டும், நீங்கள் திண்ணையில் வைத்து எடுத்துக் கொடுக்க வேண்டாம். தோடு அடகில் இருந்தால் தாயும் மகளும் சேர்ந்து போய் மீட்டு வரட்டும். மாமனார் கையில் நீங்கள் பணம் கொடுத்தால் அவர் வாங்க மாட்டார், வாங்க நேர்ந்தால் அதை மறக்கவும் மாட்டார்.

பதில் 2: ஓய்வுபெற்ற ஓட்டுநர், வாழப்பாடி

ஏறத்தாழ 200 கிலோமீட்டர் தூரம். அயோத்தியாப்பட்டணம், வாழப்பாடி, ஆத்தூர், தலைவாசல் வழியாகச் சின்னசேலம் வரை நெடுஞ்சாலையில் சென்று, அங்கிருந்து பிரிந்து வேப்பூர், விருத்தாசலம், சேத்தியாத்தோப்பு, புவனகிரி வழியாகப் பரங்கிப்பேட்டையை அடையலாம். உளுந்தூர்பேட்டை வரை போய்த் திரும்புவது உங்கள் ஊருக்குச் சுற்று. நான்கு வழிச் சாலை புறவழிகளில் இரு வழியாகச் சுருங்கிய இடங்களில் பல விபத்துகள் நடந்திருக்கின்றன. அங்கே யாரையும் முந்த முயலாதீர்கள். தலைவாசல் காய்கறிச் சந்தைக்கு விடியற்காலையில் லாரிகள் திரும்பும், அங்கும் நிதானம் வேண்டும்.

மே 4 முதல் 28 வரை அக்கினி நட்சத்திரம் என்பதால் அதிகாலை நான்கு மணிக்கே புறப்பட்டுவிடுங்கள். டயர் சூடாவதற்கு முன் காற்றைச் சரிபார்க்க வேண்டும். டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண்ணையும் பாருங்கள்: 2318 என்றிருந்தால் அது 2018-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்யப்பட்டது. பட்டன் தேயாமல் இருந்தாலும் அவ்வளவு பழைய டயரை நம்பிக் கோடையில் நெடுந்தூரம் போகக் கூடாது, மாற்றிவிட்டுப் புறப்படுங்கள்.

மாமனாரிடம் பேச்சைத் தொடங்க ஒரு செய்தி சொல்கிறேன். 1830-களில் ஜோசையா மார்ஷல் ஹீத் என்ற ஆங்கிலேயர் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை நடத்தினார். அங்கே உருக்கிய தாது நம் சேலம் வட்டாரத்திலிருந்து போனது.

பதில் 3: தோப்புக்காரர், வரகம்பாடி

மே மாதத்தில் சேலத்திலிருந்து போகிறவர்கள் மாம்பழம் இல்லாமல் போகக் கூடாது. ஆனால் பழுத்ததை வாங்காதீர்கள், மூடிய காரின் சூட்டில் வெந்துவிடும். நன்றாக விளைந்த மல்கோவாவையும் இமாம்பசந்தையும் காயாக, காம்போடு வாங்கி, வைக்கோல் பரப்பிய கூடையில் அடுக்குங்கள். அங்கே போய்ச் சேர்ந்த மூன்று நான்கு நாளில் தானாகப் பழுக்கும். கருவாட்டுக் குழம்பில் போடப் புளிப்பு மாங்காய் கொஞ்சம் தனியாக எடுத்துக்கொள்ளுங்கள்.

அம்மாபேட்டைவாசி

மூவருக்கும் என் மனமார்ந்த நன்றி. நான்கு நாளுக்கு முடிவு செய்துவிட்டோம். முன் டயர்கள் இரண்டும் பழையவை என்று தெரிந்ததால் நாளை மாற்றுகிறேன். தோட்டைப் பற்றித் தன் அம்மாவிடம் நேரில் பேசிக்கொள்வதாக மனைவி சொல்லிவிட்டாள், நான் அதில் தலையிடப் போவதில்லை. நேற்றிரவு தொலைபேசியில் மீன் வாங்க வேண்டாம் என்று அவள் சொன்னபோது மாமியார் சிறிது நேரம் பேசவில்லையாம். பிறகு, வெயில் நன்றாக இருக்கிறது, வடாம் போட இரண்டு கிலோ சேலம் ஜவ்வரிசி வாங்கி வா என்றாராம். அதை இன்று காலையிலேயே வாங்கி வைத்துவிட்டேன்.