மாடல் டி ஃபோர்டு பின்னச்சுல சத்தம், வேற அச்சோட பார்ட்ஸ் சேருமா?

பொள்ளாச்சிக்காரன்:
வணக்கமுங்க. பெரியப்பா ஷெட்டுல தேங்கா மட்டைக்கு நடுவுல கெடந்த 1923 மாடல் டி டூரிங், கனடாவுல செஞ்ச வலதுபக்க ஸ்டியரிங் வண்டி, போன வருசம் இழுத்துட்டு வந்தேன். இன்ஜின் ஒருவழியா ஓடுதுங்க, தோப்புக்குள்ள நாலு ரவுண்டு ஓட்டிப் பாத்தேன். பின்னாடி இருந்து அம்மியில கல்லுப்பு அரைக்கற மாதிரி ஒரு சத்தம், ஆக்சிலேட்டர குறைச்சா சத்தம் வேற மாதிரி மாறுது. ஹவுசிங்ல ஆயில் ஊத்தற மூடிய கழட்டி கம்பிய விட்டு எடுத்தா கிரீஸ்ல சாம்பல் கலர்ல செதில் செதிலா ஒட்டிட்டு வருது. இங்க மெக்கானிக் ஒருத்தர் அம்பாசிடர் கிரௌன் பினியன (அச்ச சுத்த வைக்கற பெரிய பல்சக்கரம், சின்ன பல்சக்கரம் ஜோடி) போட்டு வெல்டு பண்ணிரலாம்ங்கறார். அதே ஷெட்டுல இன்னொரு பழைய ஃபோர்டு அச்சும் கெடக்குது, முழுசா இருக்கு, ஆனா ரொம்ப கனம், நாலு பேர் சேந்துதான் நகத்துனோம். அதுல இருந்து பல்சக்கரத்த எடுத்து இதுல போடலாமுங்களா? அடுத்த மாசம் கோயமுத்தூர் வரைக்கும் ஓட்டிட்டு போலாம்னு ஆசை.

மதுரை_பழையவண்டி:
தம்பி, மொதல்ல வண்டிய தொடாதீங்க. தோப்புக்குள்ள கூட வேணாம். அந்த சாம்பல் செதில்தான் விஷயமே. டிஃப்ரென்ஷியலுக்கு (ரெண்டு பின்சக்கரமும் தனித்தனி வேகத்துல சுத்த விடற கியர் தொகுதி) ரெண்டு பக்கமும் தள்ளுவிசைய தாங்கறதுக்கு ஒவ்வொரு வாஷர் இருக்கும், ஃபோர்டு அத ஒயிட் மெட்டல்ங்கற மெத்து உலோகக் கலவையில போட்டு அனுப்புனான். நூறு வருசத்துல அது பிஸ்கோத்து மாதிரி நொறுங்கிரும். நொறுங்குனா கிரௌன் வீல் இடதுபக்கமா நகந்து பினியன்ல இருந்து விலகிரும், பல்லு பல்ல பிடிக்காது.

அப்ப வண்டி நிக்கும்னு நெனைக்காதீங்க, நிக்காது, அங்கதான் எமன் உக்காந்திருக்கான். மாடல் டி-ல கால் பிரேக்கு சக்கரத்துல கெடையாது, கியர்பாக்ஸுக்குள்ள ஒரு டிரம்ம பட்டை இறுக்கிப் பிடிக்குது, அந்தப் பிடி டிரைவ் ஷாஃப்ட், பினியன், கிரௌன், அச்சு வழியாத்தான் சக்கரத்துக்குப் போகணும். நடுவுல ஒண்ணு விட்டுச்சுன்னா பிரேக் பெடல மிதிச்சாலும் ஒண்ணுமில்ல, பிரேக்குக்குப் பதிலா ரிவர்ஸ் பெடல மிதிச்சாலும் ஒண்ணுமில்ல. மிச்சம் இருக்கறது கைப்பிரேக்கு, அது நிக்கிற வண்டிய நிப்பாட்டி வைக்கத்தான் லாயக்கு. எனக்கு ஒரு தடவ அச்சுக் கீ (சக்கரத்த அச்சோட பூட்டற சின்ன இரும்புத் துண்டு) அறுந்து பாலத்து இறக்கத்துல இப்படி ஆச்சு, எதுக்க வண்டி வரல, அதான் இன்னைக்கு உக்காந்து டைப் பண்ணிட்டு இருக்கேன்.

அம்பாசிடர் கதைய விடுங்க. அதுல பல்லு வளைஞ்சு இருக்கும், மாடல் டி-ல நேர்பல்லு, கேஸும் வேற அளவும் வேற. அந்த கனமான அச்ச தொறந்து பாத்தீங்களா? உள்ள கிரௌன் வீலுக்குப் பதிலா திருகாணி மாதிரி ஒரு தண்டும் பித்தளைச் சக்கரமும் இருந்தா அது ஃபோர்டோட அந்தக் கால டிடி லாரியோட வார்ம் அச்சு. கார் பினியனுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல.

லேத்துக்காரன்:
அண்ணன் சொன்னது அத்தனையும் சரி. வாஷர் செய்யறது பெரிய வேலையில்ல, கன்மெட்டல்லயோ பாஸ்பர் பிரான்ஸ்லயோ லேத்துல ஒரு மணி நேரத்துல கடைஞ்சிரலாம். ஒவ்வொரு பக்கமும் இரும்புத் தட்டு, நடுவுல பிரான்ஸ், மறுபடி இரும்புத் தட்டு, இதுதான் வரிசை. ஒரு இரும்புத் தட்டு ஹவுசிங்ல இருக்கற பின்னுல மாட்டும், இன்னொண்ணு டிஃப்ரென்ஷியல் கேஸ் பின்னுல. பின்னு தேஞ்சு போயிருந்தா தட்டு சுத்தும், அப்பறம் நீங்க புது பிரான்ஸ் போட்டும் புண்ணியமில்ல.

அச்சோட உள்நுனியில இருக்கற சின்ன கியர எடுக்கறப்ப வெளிய இழுக்கக்கூடாது, மொதல்ல தண்டு மேல சக்கரப் பக்கமா தள்ளணும். தள்ளுனா நுனியில ஒரு காடியில ரெண்டு பாதியா வெட்டுன வளையம் தெரியும், அத நகத்தால நெம்புனாலே வந்துரும், அப்பறம் கியர் தானா கழண்டுரும். இது தெரியாம புல்லர (இழுத்துக் கழட்டற கருவி) மாட்டி கியர ஒடைச்ச ஆள் நான். சக்கரம் கழட்ட மட்டும் புல்லர் வாங்குங்க, அச்சு நுனியில சம்மட்டியால அடிச்சா மரை பூ மாதிரி விரிஞ்சிரும். ரெண்டு அச்சும் நடுவுல முட்டற எடத்துல ஒரு ஃபைபர் வில்லை இருக்கும், அதையும் புதுசா போடுங்க.

கியர்கிறுக்கு:
கிரௌன் பினியன் வாங்கப் போறீங்கன்னா ஒரு விஷயம். ஒரிஜினல் 40 பல்லுக்கு 11 பல்லு, 3.64. கடையில 39க்கு 13-னு 3:1 செட்டும் கிடைக்கும், ரோட்டுல இன்ஜின் அலறாம போகும்னு ஆசை காட்டுவாங்க. ஆனா 20 குதிரைச் சக்தி வண்டிங்க அது, நீங்க இருக்கறது மலையடிவாரம், ஆழியாறுல இருந்து வால்பாறை ஏற 40 கொண்டை ஊசி வளைவு, எல்லா வளைவுலயும் லோ கியருக்கான பெடல அமுக்கிட்டே கால் மரத்துப் போயிரும். என் ஓட்டு 3.64க்குத்தான்.

எதுவா இருந்தாலும் ஜோடியா மாத்துங்க. பழைய கிரௌனுக்கு புது பினியன் போட்டா சத்தம் போகாது. 40க்கும் 11க்கும் பொதுவா வகுக்கற எண் இல்ல, அதனால ஒவ்வொரு பல்லும் எல்லாப் பல்லோடயும் உரசி சமமா தேயும். 39/13-ல அதே மூணு பல்லோடதான் கடைசி வரைக்கும் சம்சாரம், அதனால கழட்டுறதுக்கு முன்னாடி மார்க் பண்ணி வச்சு அதே மார்க்குல பூட்டணும். உள்ள எது இருக்குன்னு பாக்கணுமா, ஒரு சக்கரத்த தரையில விட்டு ஒண்ண ஜாக்கியில தூக்குங்க, தூக்குனத ரெண்டு சுத்து சுத்துனா டிரைவ் ஷாஃப்ட் மூணு சுத்தா இல்ல மூணரைக்கு மேலயான்னு எண்ணிருங்க. கியர நியூட்ரல்ல வைங்க.

இன்னொண்ணு, கிரௌன் இடதுபக்கம்தான் வரணும். ஒருத்தர் வலதுபக்கம் வச்சு பூட்டி, சுத்தற திசை தலைகீழாகி, கடைசியில ரெண்டு ரிவர்ஸ் ஒரு ஃபார்வேர்டோட வண்டிய ஷெட்டுக்குள்ள இருந்து எடுத்தத நேர்ல பாத்திருக்கேன் 😄

பொள்ளாச்சிக்காரன்:
எல்லாருக்கும் நன்றிங்க. ஞாயித்துக்கிழமை தொறந்தேன். இடதுபக்க வாஷர்ல கால்வாசிதான் மிச்சம், ஆணியால கீறுனா வெண்ணெய் மாதிரி கோடு விழுது, மீதி கிரீஸோட கூழாயிருச்சு. வலதுபக்கம் முழுசா இருக்கு ஆனா நடுவுல வெடிப்பு. கிரௌன்ல பல்லோட வெளிநுனி மட்டும் பளபளன்னு தேஞ்சிருக்கு, அதாவது நுனியில மட்டும் பிடிச்சு ஓடிட்டு இருந்திருக்கு. எண்ணிப் பாத்தேன், 40ம் 11ம்தான். அந்த கனமான அச்சு வார்ம்தான், மதுரை அண்ணன் பாக்காமயே சொல்லிட்டார். மெக்கானிக் கிட்ட சொன்னேன், அவரு இன்னமும் வெல்டுலயே நிக்கறார்.

லேத்துக்காரன்:
பூட்டுனதும் கிரௌனுக்கும் பினியனுக்கும் நடுவுல நான் 10 தௌ (அங்குலத்துல ஆயிரத்துல பத்து பங்கு) இடைவெளி விட்டேன், எல்லா சுத்துலயும் ஒரே மாதிரி இருக்கான்னு நாலஞ்சு எடத்துல பாருங்க. வீல் நட்டு இறுக்கி காட்டர் பின் போட்டதோட விட்றாதீங்க, கொஞ்ச தூரம் ஓட்டிட்டு மறுபடி இறுக்குங்க. அச்சோட கூம்பு நுனி (டேப்பர்) சக்கரத்துக்குள்ள இன்னும் உக்காந்து நட்டு லூசாயிருக்கும், அப்படியே விட்டா கீ அறுந்துரும்.

மதுரை_பழையவண்டி:
கோயமுத்தூர் போறதுக்கு முன்னாடி பின்சக்கரத்துலயே பிடிக்கற மாதிரி தனி பிரேக் மாட்டிருங்க தம்பி. ராக்கி மவுண்டன் பிரேக்குன்னு கேளுங்க, பழைய வண்டிக்காரங்களுக்குத் தெரியும். மாட்டிட்டு போட்டோ போடுங்க.